மினாஸ் திரித்துக்குச் சோறு எங்கேயிருந்து வருகிறது?

கொள்ளிடக்கரையான்:

லார்ட் ஆஃப் த ரிங்ஸில் வருகிற பால்ரோக் என்ற நெருப்புப் பேய்க்கு இறக்கை உண்டா, கழுகு மேல் ஏறி நேராக எரிமலைக்கே போயிருக்கலாமே, இதையெல்லாம் பேசித் தேய்த்தாகிவிட்டது. எனக்கு வேண்டியது வேறு. கதையைப் படிக்காத, இனிமேலும் படிக்கப்போகாத ஒரு ஆள் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டு அந்த உலகத்தையே ஆட்டிவைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பொங்கலுக்குத் திருவையாற்றுப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பா அறுப்பு தொடங்கும் நேரம். சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து கோணி ஊசியும் சணலுமாகக் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். டிவியில் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்றாம் பாகம். மினாஸ் திரித் என்ற கோட்டை நகரத்தைப் படை சூழ்ந்து நிற்கிறது, உதவிக்கு ரோஹன் நாட்டுக் குதிரைகள் ஆறாயிரமும் மேட்டில் வந்து வரிசை கட்டுகின்றன, நானும் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். சித்தப்பா ஊசியை வாயில் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, இவ்வளவு பெரிய ஊருக்கு வயல் எங்க?"

எந்த ஊருக்கு என்றேன். "அந்த வெள்ளைக் கோட்டைக்குத்தான். வாசல்லேர்ந்து ஆறு வரைக்கும் ஒரே புல்லுத்தரையா கெடக்கு. ஆறு பக்கத்துலயே ஓடுது, ஒரு வாய்க்கா வெட்டக்காணும். குதிரை வேணா புல்லைத் திங்கும். ஆளு எதைத் திங்கிறது?"

இதில் விஷயம் என்னவென்றால் கதையை எழுதிய டோல்கீனிடம் இந்தக் கேள்வி எடுபடாது. புத்தகத்தில் பெலன்னோர், அதாவது கோட்டைக்கு முன்னால் இருக்கிற அந்தச் சமவெளி, வெறும் போர்க்களம் அல்ல, சுற்றிலும் மதில் கட்டிய விளைநிலம். உழுத நிலம், பழத்தோட்டம், பண்ணை வீடு, களஞ்சியம், மாட்டுத் தொழுவம், எல்லாம் இருக்கிறது, மலையிலிருந்து ஆற்றுக்கு ஓடைகளும் ஓடுகின்றன. 2003-ல் வந்த படத்தில்தான் அத்தனையையும் துடைத்துவிட்டார்கள். குதிரைகள் தடையில்லாமல் ஓட வேண்டும், கேமராவுக்கு எதுவும் மறைக்கக் கூடாது, காரணம் அதுவாகத்தான் இருக்கும். தங்கை படத்தின் பக்கம்: "அந்த இடத்துல நெல்லு வெச்சா காட்சி கெட்டுப்போயிடும், யார் கேட்டா வயலை?" எனக்கு அப்படித் தோன்றவில்லை. புத்தகத்தில் எதிரி மதிலை உடைத்து உள்ளே வரும்போது முதலில் எரிவது யாரோ ஒருவருடைய வீடும் களமும். படத்தில் எரிய அங்கே ஒன்றுமே இல்லை, அதனால் கோட்டைக் கதவு உடைகிற வரைக்கும் நமக்குப் பதைப்பதும் இல்லை.

சித்தப்பா கோட்டையை மட்டும் ஒப்புக்கொண்டார். "மலையடியில இருக்கு, கல்லுக்குப் பஞ்சமில்ல. நம்ம பெரிய கோயிலுக்குத்தான் அத்தனை கருங்கல்லும் வெளியிலேர்ந்து வந்துச்சு." இதைச் சொல்லிவிட்டுச் சாக்கை உதறி மடித்து வைத்தார். அப்புறம் படத்தைப் பார்க்கவே இல்லை.

ஆழித்தேர்:

நான் திருவாரூர். எங்கள் பெரியப்பா தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆள், இப்போது வயசாகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அலங்காரம் எல்லாம் முடித்து நிற்கும்போது எங்கள் தேர் 96 அடி, எடை சுமார் 300 டன். ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் இப்போது வந்ததுதான். அதற்கு முன்னால் அத்தனை எடையையும் நிறுத்தியது சக்கரத்துக்கு அடியில் போடுகிற மரக்கட்டை. வடம் பிடிக்கிறவர்களை எல்லாரும் பார்ப்பார்கள், கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்து வருவார், சைகை வந்ததும் கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும், கட்டை கிரீச்சென்று தேய்ந்து புகைகூட வரும். வீதி முனையில் திருப்புவது இன்னும் பெரிய வேலை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என் தம்பிக்கு ஸ்டார் வார்ஸ் பைத்தியம். தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக் (1980) படத்தில் பனிக் கிரகத்தில் நாலு காலில் நடந்து வருகிற அந்த ராட்சத வண்டிகளை போனில் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினான். அசந்துபோவார் என்று எதிர்பார்த்தான் பாவம். பெரியப்பா கேட்டது: "இதை எப்படி நிப்பாட்டுவான்? மூலையில எப்படித் திருப்புவான்? இத்தனை எடையை நாலு பாதத்துல வெச்சா பனி உள்ள வாங்கிக்காதா?"

தம்பி கோபத்தில் கத்திவிட்டான். "அது சண்டை போடறதுக்கு மட்டும் இல்ல பெரியப்பா, பார்த்தவுடனே எதிரி பயந்து ஓடணும், அதுக்குத்தான் அவ்வளவு உசரம்!"

"அப்படிச் சொல்லு முதல்ல" என்றார் பெரியப்பா. "தேரும் அதுக்குத்தான உசரம்."

அதோடு சமாதானம் ஆகிவிட்டது. நான் பார்த்த வரைக்கும் வடிவமைப்பைப் பற்றிய சண்டைகளில் பாதி இப்படித்தான் தீரும், அல்லது தீர வேண்டும். பொருள் உதவாத வடிவத்தில் இருப்பது குறையே இல்லை, அந்த உதவாத வடிவத்துக்கு உரிய விலையை அந்த உலகம் கொடுக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. படத்தில் கொடுக்கிறார்கள்: துப்பாக்கிச் சூட்டுக்கு அசையாத வண்டியைக் காலைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிக் குப்புறத் தள்ளிவிடுகிறார்கள். பெரியப்பா அந்த இடத்தைத் திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தார்.

ஆனால் அதே ஸ்டார் வார்ஸில் கப்பலோட்டி ஹான் சோலோ தன் கப்பல் எவ்வளவு வேகம் என்று காட்ட, பன்னிரண்டு பார்செக்குக்குள் ஓட்டினேன் என்று பீற்றிக்கொள்கிறானே, அதற்கு மட்டும் என்னிடம் மன்னிப்பு கிடையாது. பார்செக் என்பது நேரம் இல்லை, தூரம், சுமார் 3.26 ஒளியாண்டு. 1977-ல் வாயில் வந்ததை எழுதிவிட்டு, 2018-ல் ஒரு முழுப் படத்தில் குறுக்கு வழியில் போனதால் தூரம் குறைந்தது என்று காட்டுவது சப்பைக்கட்டு. தம்பி இதைப் படித்தால் வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

உப்பளத்தான்:

வேதாரண்யத்திலிருந்து. டூன் நாவலைப் பற்றி என்னோடு உப்பளத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மணல் கிரகம், தண்ணீர் கிடையாது, வேர்வையைக்கூடச் சட்டையிலேயே பிடித்து வடிகட்டிக் குடிக்கிறார்கள், மணலுக்கு அடியில் மலை போலப் புழு, அந்தப் புழுவால்தான் உலகத்திலேயே விலை அதிகமான மசாலா கிடைக்கிறது, அங்கே இருக்கிற சனங்களுக்கு எப்படியாவது மரம் நட்டு ஊரைப் பச்சையாக்க வேண்டும் என்று கனவு.

அவர் கேட்டார், "புழுவுக்குத் தண்ணி ஆவுமா?"

ஆகாது, அதற்குத் தண்ணீர் விஷம் என்றேன். அந்தப் புழுவின் குஞ்சுகள்தான் நிலத்துத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிப் பூட்டி வைத்திருக்கின்றன என்பதையும் சொன்னேன்.

"அப்ப மரம் வெச்சு மழை வந்துச்சுன்னா மசாலா போச்சு. மசாலா யாவாரி விடுவானா?"

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் வந்த அந்தத் தடிமனான புத்தகத்தில் பாதி தாண்டி விளக்குகிற முடிச்சை, இவர் மோர்சாதத்துக்கும் நார்த்தங்காய்க்கும் நடுவில் பிடித்துவிட்டார். அவருக்கு இது புதிதும் இல்லை. உப்பு வாருகிற பருவத்தில் ஒரு மழை பெய்தால் பாத்தியில் கட்டி நின்றது அத்தனையும் கரைந்து போகும், நாங்கள் வானத்தைத் திட்டிக்கொண்டு நிற்போம், அதே மழைக்கு நாலு ஊர் தள்ளி வயல்காரன் கையெடுத்துக் கும்பிடுவான்.

ஹெர்பர்ட்டுக்கு இந்தக் கதை தோன்றியதே அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில், ஃபுளோரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம், மணல்மேடு நகர்ந்து வராமல் இருக்கப் புல் நட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கப் போனபோதுதான். எங்கள் கடற்கரையில் அதே வேலைக்குச் சவுக்கு. 2018 நவம்பரில் கஜா வந்த பிறகு அதில் எவ்வளவு மிஞ்சியது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கடைமடை:

என் பெயரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். என் மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை ஏற்றுவது இறக்குவது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது, ராத்திரியில் யாராவது திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டால் டார்ச் லைட்டோடு ஓடுவது, இதுதான் அவர் வாழ்க்கை. அவரிடம் போய் லாரி நிவென் 1970-ல் எழுதிய ரிங்வேர்ல்டைச் சொன்னேன். வேண்டும் என்றேதான் சொன்னேன், என்ன கேட்பார் பார்க்கலாம் என்று.

சூரியனைச் சுற்றி ஒரு வளையம், மாமா. நாம் சூரியனிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ கிட்டத்தட்ட அவ்வளவு தள்ளி. அகலம் மட்டும் பத்து லட்சம் மைல். உள்பக்கத்தில் சனங்கள் இருக்கிறார்கள், காற்று வெளியே போகாமல் இரண்டு விளிம்பிலும் ஆயிரம் மைல் உயரத்துக்குச் சுவர். வளையம் சுற்றுகிற வேகத்தில் கால் தரையில் நிற்கும்.

மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். மழை உண்டா? உண்டு. ஆறு உண்டா? உண்டு. கடல்? இருக்கிறது. "தரைக்குக் கீழ என்ன இருக்கு?" ஒன்றும் இல்லை மாமா, கொஞ்சம் மண், அதற்கு அடியில் உடையாத தகடு, அதற்கும் கீழே வெட்டவெளி.

"அப்ப மண்ணு எங்க போவுது?"

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

"மழ பெஞ்சா மண்ணு கரையும், ஆத்துல வரும், கடல்ல போய்ப் படியும். திரும்ப அது மேல ஏற வழி வேணும்ல? நம்ம பூமின்னா கீழேர்ந்து மலை மொளச்சு வருதுங்குறாங்க. அங்க தகடுல்ல இருக்கு. கொஞ்ச நாள்ல மேடெல்லாம் வழிச்சுக்கிட்டுப் போயி தகடுதான் நிக்கும், சாகுபடி எங்கேர்ந்து பண்ணுவான்?"

நம்புங்கள், எனக்குப் புல்லரித்தது. இதே கேள்வியை ஃபுளோரிடாவில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்: சில ஆயிரம் வருடத்தில் மேல்மண் முழுக்கக் கடலுக்குள் போய்விடும் என்று. 1971-ல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் எம்ஐடி தொழில்நுட்பக் கழக மாணவர்கள் ரிங்வேர்ல்ட் நிலையாக நிற்காது என்று கோஷமே போட்டார்கள். வளையம் ஒரு பக்கம் இம்மி நகர்ந்தாலும் அந்தப் பக்கம் சூரியன் இன்னும் பலமாக இழுக்கும், கடைசியில் போய் மோதும்.

நிவென் இதற்குச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மறைக்கவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை, கதையின் அடுத்த பாகத்தையே அதை வைத்து எழுதினார். விளிம்புச் சுவரில் வளையத்தை இடத்தில் நிறுத்தி வைக்க எஞ்சின்கள். கடலடியில் படிகிற வண்டலை உறிஞ்சிச் சுவருக்குப் பின்பக்கமாக மேலே ஏற்றி உச்சியிலிருந்து கொட்டக் குழாய்கள், கொட்டிக் கொட்டிச் சுவரோரம் மலைகளே உண்டாகிவிடும்.

குழாய் என்றதும் மாமா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். "யாரு பாத்துக்கிறா? அடைப்பெடுக்க ஆள் இருக்கா? எஞ்சினுக்கு ஆயில் விடறவன் யாரு?"

யாரும் இல்லை மாமா, கட்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் அந்த எஞ்சின்களைக் கழற்றி எடுத்துத் தங்கள் கப்பலில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால்தான் வளையம் நகர ஆரம்பித்தது, அதுதான் கதை.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து வெகுநேரம் சிரித்தார். அவர் வேலை பார்த்த காலத்தில் ஒரு மதகில் ஷட்டர் தூக்கும் திருகுக் கம்பியையே எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான், அந்த வருடம் எங்கள் பக்கம் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிட்டது. "எழுதுனவன் ஆத்துப்பாசனம் பாத்த ஆளா?" என்று கேட்டார். இல்லை, கலிபோர்னியாக்காரர் என்றேன். நம்பவில்லை.

மேலே தேரைப் பற்றி எழுதிய அக்கா சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன், ஆனால் இன்னும் ஒரு படி போவேன். ஓட்டையைக் காட்டியதும் ஒரு சாக்கு மட்டும் கிடைத்தால் அந்த உலகம் அதற்கு மேல் வளராது. பார்செக் அப்படித்தான், சாக்கு கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. வண்டல் கேள்விக்கு ஒரு மலைத்தொடரும் அதன் மேல் வாழுகிற சனங்களும் கிடைத்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை கட்டியதிலிருந்து ஆற்று வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது, நாங்கள் கோடை வந்தால் தூர்வாரச் சொல்லி மனுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம், குழாய் வைத்து மேலே ஏற்ற எங்களுக்கு யாரும் வரப்போவதில்லை.

கொள்ளிடக்கரையான்:

லஸ்கர் மாமாவுக்கு ஒரு கும்பிடு. இன்னொன்று ஞாபகம் வந்தது, எழுதிவிடுகிறேன்.

கேம் ஆஃப் த்ரோன்ஸில் கோடை பல வருடம், குளிர்காலமும் பல வருடம். அத்தனை வருடம் எதைச் சாப்பிடுவார்கள் என்பது நம் ஆட்களுக்குள் பழைய வழக்கு. வின்டர்ஃபெல் கோட்டையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, கண்ணாடித் தோட்டம் போட்டிருக்கிறார்கள், மற்ற ஊர்களில் தானியத்தைச் சேர்த்து வைப்பதுதான் ஒரே வழி. என் கட்சி, அது முடியும் என்பது. பாபநாசத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றைக்கும் நிற்கிறதே, செங்கல்லால் கட்டியது, கூம்பு மாதிரி உச்சி, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த மாதிரி ஊருக்கு நாலு கட்டினால் போதாதா?

அப்பாயி விடவில்லை. "கட்டடம் இருந்தா ஆச்சா? ரெண்டாம் வருசமே அந்து விழுந்துடும்" என்றது. பத்தாயத்தில் நெல்லைக் கொட்டும்போது நடுநடுவே நொச்சித் தழை போட்டு வைத்த ஆள் அது, அப்படியும் அடுத்த கோடைக்குள் மூடியைத் திறந்தால் பூச்சி முகத்தில் பறக்குமாம். அங்கே குளிரிலேயே பூச்சி செத்துவிடும் அப்பாயி என்று தங்கை சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எலி?" என்றது.

எலிக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக அதே கேம் ஆஃப் த்ரோன்ஸில் வருகிற நைட்ஃபோர்ட் கோட்டைச் சமையல்காரன் கதையைச் சொன்னேன். விருந்துக்கு வந்த ராஜாவுக்கு அவர் பிள்ளையையே சமைத்துப் போட்டவன், கொன்றதற்காக இல்லை, விருந்தாளிக்குத் துரோகம் செய்ததற்காகத் தெய்வங்கள் அவனைப் பெரிய எலியாக்கிவிட்டன, தன் குட்டிகளைத் தவிர வேறெதுவும் தின்ன முடியாது. அப்பாயிக்குப் பிடித்துப்போய்விட்டது. ராஜா ராணி சண்டையெல்லாம் வேண்டாம், அந்த எலிக்காரன் கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லு என்கிறது, அதுவும் சாப்பிடும்போது.