குடிப்பதால் துணிகிறார்களா, துணிச்சல்காரர்கள் குடிக்கிறார்களா?

கேள்வி (முதுகலை உளவியல் மாணவி):
வணக்கம். ஆய்வேட்டுக்காகக் கல்லூரி மாணவர்களிடம் புதிய, பரபரப்பான அனுபவங்களைத் தேடும் இயல்பை அளக்கும், உளவியலாளர் மார்வின் சக்கர்மனின் கிளர்ச்சி நாட்ட அளவுகோலையும், மதுப் பழக்கம், ஆணுறையற்ற உறவு ஆகியவை பற்றிய வினாக்களையும் கொடுத்திருந்தேன். மூன்றும் ஒன்றோடொன்று வலுவாகத் தொடர்புற்றிருக்கின்றன. புதுமையையும் கிளர்ச்சியையும் தேடும் ஒருவர் அதே இயல்பால் குடிக்கவும் செய்கிறார், பாதுகாப்பையும் கைவிடுகிறார் என்றால், மதுவைத் தனிக் காரணமாகக் கருதலாமா?

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
அம்மா, முதலில் அளவுகோலையே மறுபடி வாசித்துப் பாருங்கள். அதன் நான்கு பகுதிகளுள் கட்டுப்பாடு தளர்தலை அளக்கும் பகுதியில், விருந்தில் கோப்பைகள் நிறைந்திருக்க வேண்டுமா, திருமணத்துக்கு முன் பாலுறவு அனுபவம் வேண்டுமா என்பன போன்ற கூற்றுகளே இடம்பெற்றிருக்கின்றன. குடியைக் கேட்டுப் பெற்ற மதிப்பெண் குடியோடு தொடர்புறுவதில் வியப்பில்லை.

மதுவுக்கும் தனிப் பங்கு உண்டு. போதையில் கவனம் குறுகி, கண்முன் உள்ள தூண்டுதல் மட்டுமே பெரிதாகத் தெரிகிறது, நாளைய விளைவு மங்கிவிடுகிறது என்று உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் 1990இல் விளக்கினார்கள். இதைச் சோதித்த டாரா மெக்டொனால்டு குழுவினரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது: மது அருந்த வந்தவர்களில் சிலரது கையில் 'எய்ட்ஸ் கொல்லும்' என்று முத்திரை குத்தியபோது, போதையில் இருந்தவர்கள் ஆணுறையற்ற உறவு பற்றிய வினாக்களுக்கு நிதானமாக இருந்தவர்களைவிட எச்சரிக்கையாக விடையளித்தார்கள். கண்முன் இருப்பது எச்சரிக்கை வாசகமாக இருந்தால், குறுகிய கவனம் அதையே பற்றிக்கொள்கிறது.

பதில் (எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர்):
பேராசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கிளர்ச்சி நாட்டம் வேறு, உணர்ச்சி மேலிடும்போது முன்பின் பாராமல் செயல்படும் இயல்பு வேறு. உளவியலாளர்கள் ஒயிட்சைடும் லைனமும் 2001இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர் சாகசப் பிரியரே அல்லர், பைக்கைக்கூட மெதுவாகத்தான் ஓட்டுவார். ஆனால் சம்பள நாளின் மகிழ்ச்சியில் நண்பர்களோடு குடித்தால், அன்றிரவு நடந்தது எதற்கும் திட்டமே இருக்காது. "குடிக்காதீர்கள்" என்ற அறிவுரை அவரிடம் எடுபடவில்லை. சம்பள நாளன்று காலையிலேயே சட்டைப் பையில் ஆணுறை வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் நிலைத்தது. அபாயம் நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதையும் இத்தகையவர்களுக்கு நிதானத்தில் இருக்கும்போதே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. குடியையும் பாலுறவையும் தொடும் கூற்றுகளை நீக்கிவிட்டு மதிப்பெண்களை மீண்டும் கணக்கிட்டேன். தொடர்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் மறைந்துவிடவில்லை. மாணவர்கள் மகிழ்ச்சியில் குடித்தார்களா, மனவருத்தத்தில் குடித்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. அதற்காக அவர்களிடம் மறுபடி செல்ல வேண்டியிருக்கிறது.