கையடக்க ஜிபிஎஸ்ஸில் பதிந்த கிணறுகள் வாவிக்குள் விழுகின்றன: உதவி தேவை

படுவான்கரைப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். மாரி தொடங்குமுன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் பக்கத்துப் பொதுக்கிணறுகளை ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைக்கும் வேலையில் நாங்கள் சிலர் இருக்கிறோம். வெள்ளம் வடிந்ததும் எந்தக் கிணற்றை இறைக்க வேண்டும், எதற்குக் குளோரின் போட வேண்டும் என்று பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். வேலியும் பாதையும் சேற்றில் மறைந்து கிடக்கும் நேரத்தில் அவர்களுக்கு வழி காட்ட இந்தப் பதிவு வேண்டும்.

இரண்டு பற்றரி போடும் பழைய கையடக்கக் கருவி ஒன்று இரவலாகக் கிடைத்தது. சில கிணறுகளின் அகலாங்கு, நெட்டாங்கை போனில் எடுத்துக் கொப்பியில் எழுதி, பிறகு கருவியில் தட்டினோம். முனைக்காட்டில் கரையோரக் கிணறுகள் எல்லாம் வாவித் தண்ணீருக்குள் காட்டுகின்றன. உள்ளே இருக்கிறவை வயலுக்குள்ளும் அடுத்த ஒழுங்கையிலும் விழுகின்றன. போனில் பார்த்தால் அதே எண்கள் சரியாகக் கிணற்றின் மேல் நிற்கின்றன. கருவி பழுதா, இல்லை நாங்கள் எதையாவது மாற்ற வேண்டுமா?

கல்லடி ரைடர்:
தங்கச்சி, முதலில் எண் எழுதும் முறையைப் பாருங்க. போன் 7.6 என்று தசமத்தில் தரும். கருவி பாகை, கலை என்று கேட்கும். 7 பாகை 42 கலையை 7.42 என்று தட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். டெலிவரிக்குப் போகும்போது ஆட்கள் அனுப்பும் எண்களில் நான் அடிக்கடி காண்கிற கோளாறு இது.

வாவியோரம்:
ஜிபிஎஸ் என்றாலே 100 மீட்டர் வரை பிழை இருக்கும் என்று படித்திருக்கிறேன். அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

அளவைச் சங்கிலி:
அந்த 100 மீட்டர் பழைய கணக்கு. அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த காலம் அது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது திறந்த வானத்தின் கீழே சாதாரணக் கருவியும் பத்து மீட்டருக்குள் நிற்கும்.

கல்லடித் தம்பி சொன்னதும் உண்மைதான், ஆனால் இந்த வழக்குக்குப் பொருந்தாது. 7 பாகை 42 கலை என்பது தசமத்தில் 7.70. அதை 7.42 என்று தட்டினால் புள்ளி 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். பக்கத்து வாவியில் விழாது.

மகள், எதையும் மாற்றமுன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்க. கிணறுகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே தூரம் தள்ளி விழுகின்றனவா, அல்லது ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று சிதறுகின்றனவா? ஒரு கிணற்றடியில் நின்று கருவியின் பொத்தானை அழுத்தி அங்கேயே புள்ளி பதிந்தால் அது எங்கே விழுகிறது? போனையும் கருவியையும் கிணற்றுக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, இரண்டும் காட்டும் எண்களை எழுதுங்க. சிதறினால் சமிக்ஞையில் கோளாறு. ஒரே அளவாக நகர்ந்தால் கணக்கில் கோளாறு.

படுவான்கரைப் பிள்ளை:
பார்த்துவிட்டேன் ஐயா. எல்லாம் ஒரே பக்கம், கிழக்கே. தூரமும் ஒன்றுதான், 200 மீட்டரை ஒட்டி வருகிறது. கிணற்றடியில் நின்று பொத்தானை அழுத்தினால் கருவியின் வரைபடத்தில் சரியான இடத்தில்தான் விழுகிறது. எண்கள்தான் விசித்திரம். போனை விடக் கருவியில் நெட்டாங்கு 0.0019 குறைவு. அகலாங்கு 0.0003 குறைவு. எவ்வளவு நேரம் வைத்தாலும் இந்த வித்தியாசம் மாறவில்லை.

அளவைச் சங்கிலி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் கருவியில் ஒரு பழுதும் இல்லை. அமைப்புகளுக்குள் போய், ஆள்கூற்று வடிவம் இருக்கும் பக்கத்தில் ‘மேப் டேட்டம்’ என்ற வரியைப் பாருங்க, எண்களை எந்தக் கணக்கில் காட்டுவது என்பது அதில்தான் இருக்கும். ‘கந்தவல’ என்று இருக்கும். அதை ‘டபிள்யூஜிஎஸ் 84’ ஆக்க வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது மறுபடி வரும். பூமி சீரான உருண்டை இல்லை. வரைபடம் கீறுகிறவர்கள் அதற்கு நெருங்கிய ஒரு வடிவத்தை எடுத்து, அதன்மேல்தான் அகலாங்கு நெட்டாங்கைக் கணிக்கிறார்கள். இலங்கையின் பழைய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் 1830 என்ற வடிவத்தில் கணித்தவை. நீர்கொழும்புப் பக்கத்தில் உள்ள கந்தவலதான் அதற்கு மூலப்புள்ளி. செய்மதிகளும் உங்கள் போனும் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. ஒரே கிணற்றுக்கு இரண்டு கணக்கிலும் எண் வேறு. மட்டக்களப்புப் பக்கத்தில் அந்த வேறுபாடு கிழக்கு மேற்காக 200 மீட்டருக்குச் சற்று மேல், வடக்கே 30 மீட்டர் அளவு. நீங்கள் எழுதிய 0.0019உம் 0.0003உம் அச்சொட்டாக அதுதான். போன் எண்ணைத் தட்டினதும், கருவி அதைக் கந்தவல எண் என்று எடுத்துக் கிழக்கே தள்ளிவிட்டது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் என்றால் கடலோரக் கிணறு கடலுக்குப் போயிருக்கும், படுவான்கரையில் வாவிக்குப் போனது.

முன்பு இந்தக் கருவியை வைத்திருந்தவரைக் குறை சொல்லவும் இடமில்லை. கடதாசி வரைபடத்தோடு ஒப்பிட்டு வேலை செய்தவராக இருக்கும். அந்த வேலைக்கு அதுதான் சரியான அமைப்பு.

படுவான்கரைப் பிள்ளை:
ஐயா, கந்தவல என்றுதான் இருந்தது! மாற்றிவிட்டேன். இப்போது போனும் கருவியும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. ஆனால் முதலில் தட்டிய கிணறுகள் இன்னும் வாவிக்குள்ளேதான் நிற்கின்றன. கருவியை அணைத்துப் போட்டும் பார்த்தேன், அசையவில்லை.

அளவைச் சங்கிலி:
அசையாது. கருவி உள்ளே எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84இல்தான் சேமிக்கும். நீங்கள் மாற்றிய அமைப்பு உங்களுக்கு எண்ணைக் காட்டுவதற்கும் உங்களிடம் வாங்குவதற்கும் மட்டும்தான். வாங்கும்போது தள்ளிப் பதிந்த புள்ளி தள்ளின இடத்திலேயே இருக்கும். ஆகவே அவற்றை அழித்து, கொப்பியைப் பார்த்து மீண்டும் தட்ட வேண்டும். கொப்பியில் ஏதும் விடுபட்டிருந்தால் அமைப்பைக் கந்தவலவுக்குத் திருப்புங்க, நீங்கள் தட்டிய எண் அப்படியே திரையில் வரும். அதை எழுதிக்கொண்டு திரும்ப 84க்கு வாங்க. கிணற்றடியில் நின்று பொத்தான் அழுத்திப் பதிந்தவற்றைத் தொட வேண்டாம், அவை சரியானவை.

கல்லடி ரைடர்:
கிணறு நிறைய இருந்தால் கையால் தட்டிக் கஷ்டப்பட வேண்டாம் தங்கச்சி. போனில் ஓஎஸ்எம்அண்ட் என்ற வரைபடச் செயலியைப் போட்டு, அதில் புள்ளிகளைக் குறித்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஜிபிஎஸ் புள்ளிகளைச் சேமிக்கும் கோப்பு வகை) வெளியே எடுங்க. ஜிபிஎக்ஸ் எப்போதும் 84 கணக்குத்தான். கருவியைக் கேபிளில் கொம்பியூட்டரோடு இணைத்து அதன் ஜிபிஎக்ஸ் கோப்புறைக்குள் போட்டால், அமைப்பு எதில் இருந்தாலும் புள்ளி சரியான இடத்தில் உட்காரும். எண் மாறித் தட்டுப்படும் பயமும் இல்லை.

போனைத் தனியாகக் கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று. கரடியனாறு, வாகனேரிப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, ஆனால் டேட்டா இருந்தால் செய்மதிகளின் இருப்பிடத் தகவலை நெட்டிலிருந்து சட்டென்று எடுத்துவிடும். இல்லாவிட்டால் செய்மதியிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். ஓடுகிற மோட்டார் சைக்கிளில் அது எளிதில் நடக்காது. மரநிழலை விட்டு வெளியே, ஓரிடத்தில் சில நிமிடம் நிறுத்தி, இடம் பிடித்த பிறகு புறப்படுங்க. பற்றரி சேமிப்பையும் நிறுத்துங்க, திரை அணைந்ததும் பதிவை அறுப்பது அதுதான்.

படுவான்கரைப் பிள்ளை:
நன்றி அண்ணன், அப்படியே செய்கிறோம். இன்னும் இரண்டு கேள்வி. ஊரில் ஒருவரிடம் பழைய கிணற்றுப் பட்டியல் ஒன்று கையெழுத்தில் இருக்கிறது. அதில் சில கிணறுகளுக்கு அகலாங்கு நெட்டாங்கு, சிலவற்றுக்கு ஆறு இலக்க எண்கள். இதை எப்படிச் சேர்ப்பது? மற்றது, கருவியில் உள்ள வரைபடம் மண்முனையில் பாலத்தைக் காட்டாமல் ஓடத்துறையைக் காட்டுகிறது.

ஆரையம்பதியான்:
மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்குமுன் அங்கே ஓடம்தான். உங்கள் வரைபடம் அதற்கு முந்தியது. மெமரி கார்டு போடக்கூடிய கருவி என்றால், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவில் செய்த இலவச வரைபடத்தைப் போட்டுப் பழையதை நிறுத்திவிடலாம். குருமண்வெளி ஓடத்தை மட்டும் பிழை என்று நினைத்து விட்டுவிடாதீங்க, மண்டூருக்குப் போகிறவர்களுக்கு அந்தத் துறை வேண்டும். வெள்ள நேரத்தில் எந்த வரைபடத்தையும் நம்பி வாகனத்தை இறக்க வேண்டாம். பாதைக்குமேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அது சொல்லாது.

அளவைச் சங்கிலி:
பழைய பட்டியலைப் பற்றி: அதில் உள்ள கிணறு ஒன்றுக்குப் போய் நின்று, போன் எண்ணோடு ஒப்பிடுங்க. அதே 0.0019 குறைந்தால் பட்டியல் கந்தவல. அப்படி என்றால் அந்த எண்களை மாற்றித் தட்டாதீங்க. கருவியைக் கந்தவலவில் வைத்துப் பட்டியலை உள்ளபடி தட்டி, முடிந்ததும் 84க்கு மாற்றினால் புதிய எண்களைக் கருவியே தரும்.

ஆறு இலக்க எண்கள் மீட்டர்க் கணக்கு. அவற்றிலும் இரண்டு வகை உண்டு. பிதுருதலாகலை மலைக்குக் கிழக்கு எண் 2 லட்சம், வடக்கு எண் 2 லட்சம் என்று வைத்தது நில அளவை வரைபடங்களின் பழைய கட்டம். 5 லட்சம், 5 லட்சம் என்று வைத்தது எஸ்எல்டி 99 என்ற புதிய கட்டம். உங்கள் பக்கக் கிணற்றுக்குக் கிழக்கு எண் 3 லட்சத்தை ஒட்டி இருந்தால் பழையது, 6 லட்சத்தை ஒட்டி இருந்தால் புதியது. இரண்டையும் ஒரு பட்டியலில் கலக்காதீங்க. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிரல் போட்டு, எந்தக் கணக்கு என்று எழுதிவிடுங்க. வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கொப்பியை எடுக்கப் போகிற பிள்ளைக்கு நம்மிடம் கேட்க நேரம் இருக்காது.

படுவான்கரைப் பிள்ளை:
கரையோரக் கிணறுகளை அழித்து மீண்டும் பதிந்தோம் ஐயா. இடம் தெரியாத ஒரு தம்பியிடம் கருவியைக் கொடுத்து முனைக்காட்டில் விட்டோம். அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே போய், நேரே கிணற்றுக்கட்டில் முட்டி நின்றான். கொப்பியில் நிரலும் போட்டாயிற்று. பழைய பட்டியலில் ஆறு இலக்க எண்கள் 3 லட்சத்தில்தான் இருக்கின்றன. அவற்றை உங்களுக்கு எழுதி அனுப்பினால் பார்த்துத் தருவீர்களா?

அளவைச் சங்கிலி:
அனுப்புங்க மகள். கிழக்கு, வடக்கு எது எது என்று குறித்து அனுப்புங்க, பழைய பட்டியல்களில் அது இடம் மாறி இருக்கும்.