துருக்கியின் ‘கை திறந்தவர்’: சினையடையா, உறுப்படையா?

> குழுவில் ஒருவர் கேட்டது: “இவை அன்மொழித்தொகையே, புதுச்சொல் எதற்கு?”

அன்புடையீர், வணக்கம்.

துருக்கி–தமிழ்க் கையேட்டின் மெய்ப்பு வெள்ளியன்று அச்சுக்குச் செல்வதால், உறுப்பைச் சொல்லி ஒருவரின் குணத்தைக் குறிக்கும் துருக்கித் தொடர்களுக்குரிய பெயரை இனியும் ஒத்திவைக்க இயலாது. ஈகைக் குணமுள்ளவரை ‘எலி அச்சிக்’ (கை திறந்தவர்) என்றும், கருமியை ‘எலி சிக்கி’ (கை இறுகியவர்) என்றும் துருக்கியர் அன்றாடம் சொல்கின்றனர். ‘எல்’ என்பது கை. அதனோடு ஒட்டிய ‘இ’ உடைமை விகுதி. உருபு முதலியன மறைந்து நின்று, தொடரில் சொல்லப்படாத ஒருவரைக் குறிப்பதே அன்மொழித்தொகை. விகுதி வெளிப்பட நிற்குமிடத்தில் தொகை என்னும் பெயர் பொருந்தாது.

‘கண் நல்லள்’ என்று சினையை, அதாவது உறுப்பைச் சொல்லி, அதற்குரிய முதலுக்கேற்ப முடிக்கும் வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்க உரைகளில் படித்திருக்கிறோம். துருக்கித் தொடர்கள் அதற்கே நெருங்கியவை என்பதால் ‘சினையடை’ என்ற முன்மொழிவை மதிக்கிறேன். ஆயினும் இன்று சினை என்றதும் சினைமாடும் மீன்சினையுமே நினைவுக்கு வருவதால், ‘உறுப்படை’ என்பதையே ஆதரிக்கிறேன். ‘கொன்லு செங்கின்’ (உள்ளம் செழித்தவர்) என்பதில் உள்ளம் உறுப்பாகுமா என்று கேட்டிருந்தீர்கள். அன்பையே ‘அகத்துறுப்பு’ என்கிறார் வள்ளுவர். உள்ளத்துக்கு அச்சொல் தாராளமாக இடந்தரும். ‘ஜெபிந்தெ அக்ரெப் வார்’ (சட்டைப்பையில் தேள் இருக்கிறது) என்று கருமியைச் சொல்வது முழு வாக்கியமாதலால் வேறு பகுதிக்குப் போகட்டும்.

பொருள் எழுதுவதில்தான் என் கவலை மிகுதி. ‘எலி உசுன்’ என்பதற்குத் திருட்டுக் குணமுள்ளவர் என்றே பொருள். நம் ‘கை நீளம்’ அப்படியே பொருந்துகிறது. ஆனால் ‘எலி அச்சிக்’ என்பதைக் ‘கையை விரித்தவர்’ என்று எழுதினால், உதவ மறுத்தவர் என நேரெதிராகிவிடும். ‘வண்கையர்’ என்பதே தகும். ‘எலி சிக்கி’க்குக் குறளின் ‘கூன்கையர்’ என்ற பரிந்துரையையும் ஏற்க இயலவில்லை. அக்குறளில் கூன்கையர் தாடையை உடைக்கவல்ல முட்டிக்கையர். ஈரக்கையைக்கூட உதறாத கயவரே கருமிகள்.

மறுமொழி (‘சினையடை’யை ஆதரிப்பவர்):

பெரும்பான்மையோர் ‘உறுப்படை’ என்றே எழுதிவிட்டதால் கையேட்டில் அதுவே இடம்பெறட்டும். என் உடன்பாடின்மையைப் பதிவு செய்கிறேன். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பள்ளியிலேயே பெயர்ச்சொல் வகைகளைப் படித்துவரும் மாணவருக்குச் ‘சினை’ புரியாதென்று நாம் ஏன் முடிவுகட்ட வேண்டும்?