புது இதயம் வந்த பிறகும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எனக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: நல்ல இதயம் கிடைத்துவிட்டதே, அப்புறம் ஏன் பத்துப் படிக்கே இப்படி மூச்சு முட்டுகிறது? நானும் இதையே கேட்டு அழுதிருக்கிறேன், அதனால் எனக்கு நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த நான்காவது வாரம். மாடிக்குப் பன்னிரண்டு படி. ஏறும் முன் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தேன், நாடித் துடிப்பு 96. மேலே போய் நின்றபோது தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்குகிறது, வாயால் மூச்சு விடுகிறேன், ஆனால் துடிப்பு 99தான். நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எண் ஏற ஆரம்பித்தது. 104, 110, 117. ஓய்வு எடுக்கும்போது ஏறுகிறதே, இதயத்தை உடம்பு ஏற்கவில்லை போலிருக்கிறது என்று கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது.

மறுநாள் பிசியோ பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். கொடையாளரிடமிருந்து இதயத்தை எடுக்கும்போது அதற்குப் போகும் நரம்புகளை வெட்டித்தான் எடுக்கிறார்கள். ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கலாம், நரம்பை அப்படி இணைப்பதில்லை. வேகத்தைக் குறைத்து வைக்கிற வேகஸ் நரம்பு இல்லாததால் சும்மா இருக்கும்போதே 90, 100, 110 என்று ஓடும். நடக்க ஆரம்பித்ததும் மூளை போடுகிற உத்தரவு நேராக இதயத்துக்குப் போய்ச் சேராது, அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்தால்தான் துடிப்பு கூடும், அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதுவரை கால் தசை பிழிந்து மேலே தள்ளுகிற ரத்தத்தை வைத்து இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கூடுதலாக நிரம்பிச் சமாளிக்கிறது. நின்ற பிறகும் அட்ரினலின் உடனே வடிந்துவிடாது, அதனால்தான் நான் உட்கார்ந்த பிறகு எண் ஏறியது.

அன்றையிலிருந்து முதல் பத்து நிமிடம் மிக மெதுவான நடை, கடைசிப் பத்து நிமிடமும் அப்படியே. எவ்வளவு அவசரமானாலும் இதை விடுவதில்லை. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்வதையும் நிறுத்திவிட்டேன். சிரமத்தை 6 முதல் 20 வரை நாமே மதிப்பிடுகிற போர்க் அளவுகோல்தான் எனக்குக் கணக்கு, அதில் 11 முதல் 13க்குள் நிற்பேன். ஒருவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

⸻

அண்ணா, என் கணவருக்கு மாற்று நடந்து எட்டு மாதம். எங்கள் வீட்டில் இதயத்தைவிடக் கால்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அறுவைக்கு முன்பே ஒன்றரை வருடம் கட்டிலும் நாற்காலியுமாகக் கிடந்ததில் தொடைச் சதை கரைந்துவிட்டது, அதன்மேல் புது இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கிற பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேறு. அந்த மாத்திரை தோள், தொடைத் தசைகளை மெலிய வைக்கும், எலும்பையும் பலவீனமாக்கும் என்று சொன்னார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னபோது மூன்று தடவைக்கு மேல் அவரால் முடியவில்லை. நானோ பயத்தில் தண்ணீர் டம்ளரைக்கூட அவரை எடுக்க விடாமல் எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது அவருக்கு நல்லதில்லை என்று பிறகுதான் புரிந்தது. நெஞ்செலும்பு கூடும்வரை கனமாக எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது, சரி, ஆனால் எழுந்து உட்காருவதற்கும் நடப்பதற்கும் யாரும் தடை சொல்லவில்லையே. நெஞ்சு ஆறிய பிறகு மருத்துவர் அனுமதியோடு ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி தொடங்கினோம். இப்போது இருபது தடவை கையை ஊன்றாமல் எழுகிறார். அவர் எண்ண நானும் கூடவே எண்ணுகிறேன்.

⸻

எனக்கு ஏழாவது வருடம் நடக்கிறது. ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து மனதில் வையுங்கள். நரம்பு வெட்டப்பட்டதால் ரத்தக் குழாய் அடைபட்டாலும் நம்மில் பலருக்கு நெஞ்சு வலி தெரியாது. எனக்கு நான்காவது வருடம் தினமும் நடக்கிற அதே மேட்டில் திடீரென்று இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வலி இல்லை, வியர்வை இல்லை, வெறும் களைப்பு. மூன்று நாள் அப்படியே இருந்ததால் மருத்துவரைக் கூப்பிட்டேன். ஆஞ்சியோவில் மாற்று இதயத்தின் ரத்தக் குழாய்கள் குறுகுகிற நோயின் ஆரம்பம் தெரிந்தது, மருந்தை மாற்றினார்கள். அந்த மேட்டைத் தினமும் ஏறாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அதனால் தினமும் ஒரே பாதையில் நடங்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். நிராகரிப்புக்குச் சிகிச்சை நடக்கிற நாட்களில் மட்டும் மருத்துவர் சொல்லும்வரை பயிற்சி வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு வருடத்துக்குப் பிறகு சிலருக்கு நரம்பு ஓரளவு திரும்ப வளரும். எல்லாருக்கும் நடக்காது, முழுமையாகவும் வராது, ஆனால் எனக்கு இப்போது நடக்க ஆரம்பித்த ஓரிரு நிமிடத்திலேயே துடிப்பு ஏறிவிடுகிறது. 1995இல் மாற்று இதயம் பெற்ற கெல்லி பெர்கின்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 2003இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தையே ஏறியிருக்கிறார். நாம் எல்லாரும் மலை ஏற வேண்டாம், ஆனாலும் சோர்ந்து போகிற நாட்களில் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

⸻

மேலே எழுதிய சகோதரிக்கும் ஐயாவுக்கும் நன்றி. ஐயா, நோட்டு இன்றைக்கே வாங்கிவிட்டேன். விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் மாற்று முடிந்த 27 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதம் முறையான பயிற்சி கொடுத்தார்கள். உச்சகட்ட உழைப்பில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் அந்தக் குழுவில் 49 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 18 சதவீதம்தான். பிசியோ இதைச் சொன்ன பிறகு நான் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. முகமூடி போட்டு சைக்கிள் மிதிக்கிற பரிசோதனையில் மூன்றாவது மாதம் என் வயதுக்காரர் திறனில் பாதிதான் இருந்தது. அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை, முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். காலையில் அந்தப் பன்னிரண்டு படியை இரண்டு தடவை ஏறி இறங்கினேன், முதலில் பத்து நிமிடம் வராந்தாவில் மெதுவாக நடந்துவிட்டு.