சிக்னல்ல ஆட்டம், காலையில நீலப் புகை: பழைய வண்டிக்காரங்க வாங்க, உங்க கதையச் சொல்லுங்க

பழங்காநத்தத்தான்:
84 மாடல் பிரீமியர் பத்மினி கார். மாமா ஓட்டினது. வியாதி உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னா உள்கண்ணாடியில பின்னாடி பஸ்ஸு ரெண்டாத் தெரியும், அந்த ஆட்டம். காலையில சாவியத் திருப்புனா குப்புனு நீலமா ஒண்ணு. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் "கார்ப்பரேஷன்ல இருந்தாண்ணே? கொசு மருந்தா?"ன்னு கேட்டுட்டே போயிட்டாரு. அதையெல்லாம் தொடச்சிட்டேன்.

தொடைக்க முடியாதது வேற. தேனியில ஒரு கேதத்துக்குப் போயிட்டுத் திரும்பும்போது செக்கானூரணியில டீக்கு நிறுத்தினேன். பெஞ்சுல இருந்த பெரியவர் ஒருத்தர் எந்திரிச்சு வந்து, சைலன்சர் வாயில விரலை விட்டு எடுத்து என்கிட்ட காட்டினாரு. கறுப்பா, பிசுபிசுன்னு. "தம்பி, புகை கணவாய்ல ஏறும்போது வந்துச்சா, இறங்கி முடிச்சுத் திரும்ப ஆக்ஸிலேட்டரை மிதிச்சப்ப வந்துச்சா?" யோசிச்சுப் பாத்தா இறங்கி மிதிச்சப்பதான். சொன்னேன். "அப்ப இன்ஜின் தலைய மட்டும் கழட்டு"ன்னுட்டு விரலை லுங்கியில தொடச்சுக்கிட்டுப் போயி உக்காந்துட்டாரு. நான் சிரிச்சிட்டு வந்துட்டேன்.

மறுவாரம் ஒரு பட்டறையில பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்கு போச்சுன்னாங்க. இன்ஜினை இறக்கி, போரிங், பிஸ்டன், ரிங் செட்டு எல்லாம் போட்டு 22,000. வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில அதே குப்பு. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்துன சத்தம் இன்னும் காதுல இருக்கு.

கடைசியில வால்வு கைடுதான், இன்ஜின் தலையில வால்வு ஏறி இறங்குற குழாய். மேட்டுல இறங்கும்போது மிதியில இருந்து காலை எடுத்திருப்போம், உள்ள உறிஞ்சுற வேகம் அப்பத்தான் ஜாஸ்தி, தேஞ்ச கைடு வழியா ஆயிலை இழுத்து வச்சுக்கும். மிதிச்சதும் மொத்தமா எரிச்சுத் துப்பும். ராத்திரி நின்னாலும் சொட்டுச் சொட்டா இறங்கிக் காத்திருக்கும். ஆட்டத்துக்கும் அதுதான் காரணம், மூணாவது பிளக்கு ஆயில்ல குளிச்சுக் கெடந்துச்சு. அதோட வயரைப் பிடுங்குனா சத்தத்துல ஒரு மாத்தமும் இல்ல. தலைய மட்டும் கழட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்.

மேலூர் பெட்டி:
நான் சொல்லப்போறது நம்ம ஊரு வண்டி இல்ல. சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு ஷெட்டுல ஆறு வருஷம் இருந்தேன். ஒரு காலேஜ் பையனோட மஸ்தா ஆர்எக்ஸ் 8. ரோட்டரி இன்ஜின், பிஸ்டனே கெடையாது, முக்கோணமா ரெண்டு ரோட்டர் சுத்தும், ஒண்ணொண்ணும் 654 சிசி. பையன் வெயில்ல நின்ன வண்டியை நிழலுக்கு நகத்தி, உடனே ஆஃப் பண்ணிட்டான். அந்த இன்ஜினுக்கு அது ஆகாது, உள்ள பெட்ரோல் ரொம்பி, ரோட்டர் முனையில காத்து கசியாம அடைக்கிற சீலுல இருக்கிற ஆயிலைக் கழுவிரும். கம்ப்ரஷன், அதாவது உள்ள காத்தை அமுக்குற அழுத்தம், நிக்காது, ஸ்டார்ட் ஆகாது.

பிளக்கெல்லாம் கழட்டி, மிதியை அடியோட மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடிச்சோம். அப்ப பெட்ரோல் போகாது, உள்ள இருக்கிறது மட்டும் வெளிய வரும். அப்புறம் பிளக் ஓட்டை வழியாக் கொஞ்சம் ஆயில் விட்டு மாட்டி ஸ்டார்ட் பண்ணேன். யப்பா! ஷெட்டுக்குள்ள எதிர்ல நிக்கிற ஆள் தெரியல. பக்கத்துக் கடைப் பட்டாண் பாய் மணல் வாளியத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாரு.

புகை அடங்குச்சு, ஆட்டம் அடங்கல. ஒரு ரோட்டருக்கு ரெண்டு பிளக்கு, கீழ இருக்கிறது முன்னாடி அடிக்கும், மேல இருக்கிறது பின்னாடி. நான் ஒரு ரோட்டர்ல ரெண்டு வயரையும் மாத்திச் சொருகியிருந்தேன். அது தெரியாம பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற காயில் போச்சுன்னு சொல்லி, நாலு காயிலும் அந்தப் பையன் காசுல மாத்தினேன். புதுசு மாட்டி முடிச்சப்பவும் அதே ஆட்டம். அப்பத்தான் கை வயர்மேல போச்சு. சத்தமில்லாம மாத்திச் சொருகிட்டு, "காயில்தான்"னுட்டேன்.

அவனியாபுரம் அம்பாசிடர்:
மேலூராரே, ரோட்டரிய வச்சு பத்மினிக்கு வைத்தியம் பாக்க முடியாது. அது சொந்த ஆயிலை வேணும்னே எரிக்கிற இன்ஜின், சீலுக்கு ஆயில் விடவே தனியா ஒரு பம்ப் உண்டு. ஆயில் குறையுறது அங்க நோயில்ல, நமக்கு நோய். சாதா கம்ப்ரஷன் கேஜு வச்சாலும் ரோட்டரோட மூணு முகத்துல நல்லா இருக்கிற ஒண்ணை மட்டும்தான் காட்டும், மத்த ரெண்டும் செத்திருந்தாலும் தெரியாது.

பழங்காநத்தம் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். கம்ப்ரஷன் பாக்காம இன்ஜினை இறக்குனவன் மெக்கானிக்கே இல்ல. நாலு சிலிண்டரையும் பாத்து, குறையுறதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாக்கணும். ஏறுனா ரிங்கு. ஏறலைன்னா வால்வு, இல்ல தலைக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து குறைஞ்சா கேஸ்கட் நடுவுல போயிருச்சுன்னு அர்த்தம். கைடு தேஞ்சது மட்டும்னா இந்தச் சோதனை பெருசா ஒண்ணும் காட்டாது. அப்படி நாலும் நல்லா நின்னாலே ரிங்கா இருக்க வாய்ப்பு கம்மின்னு தெரிஞ்சிருக்கும். பத்து நிமிச வேலை. கறுப்புப் புகைன்னா பெட்ரோல் ஜாஸ்தி, கார்ப்ரேட்டர்ல சோக்கு திரும்புதா, ஃப்ளோட் மட்டம் என்ன, நீடில் வால்வு சரியா மூடுதான்னு பாக்கணும். வெள்ளைன்னா மார்கழிக் காலையில பயப்படாதீங்க, ரெண்டு நிமிசத்துல போயிரும். போகாம இருந்து, ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா பயப்படுங்க. ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஆட்டத்தை மூடி மறைக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்ககிட்ட வண்டியக் குடுக்கவே கூடாது.

என் கதையா? கார்ப்ரேட்டர் அடி கேஸ்கட்ல காத்து வாங்குச்சு. ஆயில் கேன்ல சுத்தி ஒரு சொட்டு விட்டேன், வண்டி சட்டுனு அமைதியாச்சு. கேஸ்கட் மாத்தினேன். அவ்வளவுதான்.

வில்லாபுரம் மகள்:
அண்ணே, உங்க கதை நாலு வரி, புத்திமதி நாப்பது வரி. அவருதான் கடைசியில கைடுதான்னு எழுதியிருக்காரே, படிச்சீங்களா?

எங்க அப்பா வண்டியும் பத்மினிதான். அக்கா கல்யாணம் திருப்பரங்குன்றத்துல. முகூர்த்தம் முடிஞ்சு மண்டப வாசல்ல பொண்ணு மாப்பிள்ளைய ஏத்தி, அப்பா ஸ்டார்ட் பண்ணாரு. வண்டி காலையில இருந்து நின்ன வண்டி. சம்பந்தி அம்மா பின்னாடி ஆரத்தித் தட்டோட நின்னாங்க. புகை கலைஞ்சப்ப தட்டு மட்டும் தெரிஞ்சுச்சு, முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு நின்னாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்பா இறங்கிப் பாக்கவும் இல்ல, நேரா ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி ஓட்டிட்டுப் போயிட்டாரு. அடுத்த மாசம் வித்துட்டாரு. என்ன கோளாறுன்னு பாக்கக்கூட இல்ல. மேல இருக்கிறதைப் படிச்சப்பதான் தெரியுது, அதுவும் கைடாத்தான் இருந்திருக்கும்.

பழங்காநத்தத்தான்:
அம்பாசிடர் அண்ணே, அந்தப் பத்து நிமிசம் இப்பத்தான தெரியுது! பெரியவரைப் பாத்துச் சொல்லணும்னு ரெண்டு தடவை செக்கானூரணியில நிறுத்தினேன். கடைக்காரருக்கு ஆள் அடையாளம் தெரியல. லுங்கின்னா எந்த லுங்கிங்கிறாரு.

மேலூர் அண்ணே, அந்தப் பையன்கிட்ட அப்புறமாச்சும் சொன்னீங்களா?

மேலூர் பெட்டி:
இல்ல தம்பி. கழட்டுன காயில் நாலையும் பொட்டியில போட்டு ஊருக்கே கொண்டு வந்துட்டேன். பரண்ல இருக்கு. நாலும் நல்ல காயில்.