இரண்டு என்ஜின்களைக் கோத்து ஓட்டினால் முன்னது தடம் புரள்கிறது – உதவி தேவை

கரிப்புகை:
வணக்கம். என்னிடம் எச்.ஓ. அளவில் (1:87) இரண்டு ஜிபி38-2 மாதிரி ரயில் டீசல் என்ஜின்கள் இருக்கின்றன. ஒன்று பழையது, அதன் டிகோடரில் (தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பலகை) ஒலி கிடையாது. மற்றது புதியது, ஒலி டிகோடருடன் வந்தது. தனித்தனியாக இரண்டும் அழகாக ஓடுகின்றன. ஏற்றத்தில் 18 வேகன்களை ஒன்றால் இழுக்க முடியாததால் இரண்டையும் ஒரே திசை பார்க்க வைத்துக் கோத்தேன். இரண்டுக்கும் முகவரி (கட்டுப்படுத்தியிலிருந்து என்ஜினைக் கூப்பிடும் எண்) 3, வாங்கியபோது இருந்தபடியே.

கிளம்பும்போது முன்னால் உள்ள பழையது நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஓரிரு நொடி கழித்துப் பின்னது திடுக்கென்று முட்டுகிறது. நடு வேகத்தில் பின்னது முன்னதைத் தள்ளுகிறது. 18 அங்குல ஆர வளைவில் முன்னது தடம் புரள்கிறது. தண்டவாள மூட்டுகளை இரண்டு முறை பார்த்துவிட்டேன். இனி எதைப் பார்ப்பது?

தண்டவாளம்87:
மூட்டுகளை விட்டுவிடுங்கள். இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒன்றாகத் தெரிகின்றன.

முதலாவது, கிளம்பும் நேரம். ஒலி டிகோடர்கள் பல, என்ஜின் உறுமி முடிந்த பிறகுதான் மோட்டாரை அசைக்கும். இந்த மாதிரிகளில் புழுப் பல்சக்கரம் இருப்பதால், மோட்டார் சுற்றாத என்ஜினை இன்னொன்று உருட்டிச் செல்ல முடியாது. அது வெறும் பிரேக்தான். உங்கள் பழையது சக்கரத்தைத் தேய்த்தது அதனால்தான். அந்தத் தாமதத்தை நிறுத்தும் வழி டிகோடரின் கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, வேகப் பொருத்தம். ஒரே நுகத்தில் ஓட்டக் காளையையும் உழவு மாட்டையும் பூட்டியிருக்கிறீர்கள். சி.வி. என்பது டிகோடரில் எழுதி வைக்கும் அமைப்பு மதிப்பு. இரண்டிலும் சி.வி. 3 (வேகம் கூடும் நிதானம்), சி.வி. 4 (வேகம் குறையும் நிதானம்) ஆகியவற்றை 0 ஆக்குங்கள். பிறகு கோக்காமல், தனித்தனியாக, 28 வேகப் படிகளில் 14-ஆம் படியில் 2 மீட்டர் தூரத்தைக் கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். வேகமானதைத்தான் குறைக்க வேண்டும். மெதுவானதை அதன் உச்சத்துக்கு மேல் விரட்ட முடியாது. சி.வி. 2 கிளம்பும் வேகம், 6 நடு வேகம், 5 உச்ச வேகம். மூன்றையும் சரிசெய்தால் பெரும்பாலும் போதும்.

ஒன்றில் மதிப்பு எழுதும்போது மற்றதைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் 3 என்பதால் இரண்டிலும் பதிந்துவிடும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்படித்தான் தொலைத்தேன்.

பழைய நேர்மின்:
டிகோடர் இல்லாத காலத்தில் வேகமான என்ஜினின் மோட்டார் கம்பியில் எதிரெதிராக இரண்டு டையோடுகளைப் பற்றவைப்போம். ஒரு ஜோடிக்குச் சுமார் 0.7 வோல்ட் குறையும். போதாவிட்டால் இன்னொரு ஜோடி. எந்தக் கையேடும் தேவைப்படவில்லை! உங்களுக்கு இது வேண்டாம், சி.வி. முறையே நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு என்ஜினின் சக்கரத்தில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கிறதா? இருந்தால் வேகம் பொருந்திய பிறகும் வழுக்கலில் வித்தியாசம் தெரியும்.

கரிப்புகை:
ரப்பர் வளையம் இரண்டிலும் இல்லை. 2 மீட்டருக்குப் புதியது 9 நொடி, பழையது 13 நொடி! புதியதன் சி.வி. 5, 6 இரண்டையும் குறைத்து, தாமதத்தையும் நிறுத்தினேன். இப்போது இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் வளையத்தை ஐந்து சுற்று வந்தும் முட்டிக்கொள்ளவில்லை. கோத்த பிறகு 18 வேகன்களும் ஏறிவிட்டன. அடுத்த ஆசை: முதுகோடு முதுகு சேர்த்து ஓட்ட வேண்டும்.

தண்டவாளம்87:
முதலில் ஆளுக்கொரு முகவரி கொடுங்கள். பிறகு சி.வி. 19-இல் கோத்து ஓட்டுவதற்கு இரண்டுக்கும் பொதுவான முகவரி, 50 என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கி நிற்பதற்கு அதோடு 128-ஐக் கூட்டி 178 என்று எழுதுங்கள். சி.வி. 3, 4 மதிப்புகளை மீண்டும் ஏற்றினால் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். தாழ்ந்த வேகத்தில் இன்னும் உதறினால் பேக் இ.எம்.எஃப். கட்டுப்பாட்டை (மோட்டாரின் வேகத்தை அளந்து டிகோடர் தானே சரிசெய்வது) தளர்த்துங்கள். இரண்டு டிகோடர்களும் தன் வேகமே சரி என்று அடம்பிடிக்கும்.

கரிப்புகை:
நன்றாக ஓடியது. பிரித்த பிறகு புதியது செத்துவிட்டது! 12 என்று அதன் சொந்த முகவரியில் கூப்பிட்டால் ஹாரன் அடிக்கிறது, நகர மறுக்கிறது. டிகோடர் போய்விட்டதா?

பழைய நேர்மின்:
ஹாரன் அடிக்கிறதே, எப்படிச் சாகும்? சி.வி. 19 இன்னும் 178-இல் நிற்கிறது, அதனால் ஓடும் கட்டளையைப் பொது முகவரியில்தான் கேட்கும். 0 என்று எழுதுங்கள்.

கரிப்புகை:
எழுதினேன். ஓடுகிறது. உறையைக் கழற்றத் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தேன், நல்லவேளை.