பிசிகல் தெரபி பார்வையாளர் நேரம்: புதுப்பிப்பு

டெக்சாஸில் டி.பி.டி. எனும் பிசிகல் தெரபி (இயன்முறை சிகிச்சை) முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கும் எனக்கு, அதற்காகத் தெரபிஸ்ட்டின் வேலையைக் கூடவே இருந்து பார்க்க எந்தக் கிளினிக்கும் பார்வையாளராக இடம் தரவில்லை என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். மின்னஞ்சலை நம்பாமல் நேரில் போய்க் கேட்கும்படி பலர் சொன்னீர்கள். அப்படியே செய்ததில், ஒரு வெளிநோயாளர் கிளினிக்கில் 60 மணி நேரமும், ஒரு மருத்துவமனையின் உள்நோயாளர் பிரிவில் 40 மணி நேரமும் கிடைத்தன. மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, நோயாளர் தகவல் காப்புக்கான ஹிப்பா பயிற்சி ஆகியவற்றுக்கே மூன்று வாரம் ஓடிவிட்டது.

கிளினிக்கில் பெரும்பாலும் கோனியோமீட்டரால் முழங்கால் மடங்கும் கோணத்தை அளப்பதையே பார்த்தேன். உள்நோயாளர் பிரிவோ வேறு உலகம்: முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த மறுநாளே ஒரு மூதாட்டியை, அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி, வாக்கரோடு கதவு வரை நடக்க வைத்தார் தெரபிஸ்ட். அதற்குமுன் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, ரத்த அழுத்தம் பார்ப்பதிலேயே பாதி நேரம் போனது. நடை என்னவோ இரண்டு நிமிடந்தான்.

ஒரு தவறும் செய்தேன். முதல் 12 மணி நேரத்துக்கு அன்றன்றே கையெழுத்து வாங்காமல் விட்டதில், அந்தத் தெரபிஸ்ட் வேலை மாறிப் போய், அவை கணக்கில் சேரவில்லை. எத்தனை மணி நேரம் வேண்டும், எந்தெந்தப் பிரிவில் வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால், பல கல்லூரிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பி.டி.கேஸ் பொது விண்ணப்பத்தைத் திறக்கும்முன் அடுத்து ஒரு குழந்தைகள் பிரிவிலும் கேட்டிருக்கிறேன்.